சலவைக்கடையில் ஒரு பாதி வாக்கியம்

அந்தப் பெண் மாடிப்படி ஏறி வந்த நடையிலேயே அவள் பல நாளாகத் தூங்கவில்லை என்பது அவசரத்துக்குத் தெரிந்துவிட்டது. பாதிப் படியில் நின்றாள், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள், மறுபடி ஏறினாள். நகல் எடுக்கும் கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அலுவலகத்துக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லைதான். ஆனாலும் இப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் குறைவு.

'அவசரம்' என்பது அவன் பெற்றோர் வைத்த பெயரல்ல. பார்சல் கொடுக்கும் வேலையில் இருந்தபோது, வாசல் மணியை அடித்துவிட்டுக் கதவு திறக்கும் முன்னே அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவன் என்று தெருக்காரர்கள் வைத்தது. அவனுடைய முதலாளியம்மாவுக்கு அதே தெருக்காரர்கள் வைத்த பெயர் 'நிதானம்'. ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் உருப்பெருக்கியில் கண்ணை வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். இந்த இரண்டு பேரும் சேர்ந்து துப்பறிகிறார்கள் என்றால் சிரிப்புத்தான் வரும். சிரித்துவிட்டுப் போங்கள், வேலை நடக்கிறதா இல்லையா?

அன்று நிதானத்துக்கு முழங்கால் வலி. இரண்டு காலையும் ஸ்டூல் மேல் தூக்கி வைத்திருந்தவர், வந்தவளைப் பார்த்ததும் இறக்கினார்.

"உட்காரும்மா. முதல்ல தண்ணி குடி."

அவள் குடித்தாள். பிறகு, யாரோ அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோல ஒரே மூச்சில் சொன்னாள்.

"பெரிய தெருவுல இருக்கிற சலவைக்கடை எங்களோடது. ஓட்டல்காரங்க படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் எங்ககிட்டத்தான் வெளுக்குறது. போன வாரம் ஒருநாள் வேலை ஜாஸ்தின்னு என் வீட்டுக்காரர் கடைப் பின்னறையிலேயே படுத்துட்டாரு. காலையில என் கொழுந்தன் போய்க் கதவைத் திறந்தா, போயிட்டாரு. ரத்தத்துல கார்பன் மோனாக்ஸைடு இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு. நெத்தியில காயம். முந்தின நாள் சாயங்காலம் எங்கண்ணன் கடைக்கு வந்து அவரோட சண்டை போட்டிருக்காரு. அண்ணன் வேன் ஓட்டுறவரு. அந்த அறை ஜன்னலுக்கு நேரா, பின்முற்றத்துல, இன்ஜினை ஓடவிட்டபடி வேனை நிறுத்தியிருந்தாரு. அடிச்சு மயக்கமாக்கி, வேன் புகையை ஜன்னல் வழியா விட்டுக் கொன்னுட்டார்னு அண்ணனைப் பிடிச்சு உள்ளே வச்சுட்டாங்க."

"சலவைக்கடைன்னா பாய்லர் இருக்குமே?"

"இருக்குங்க. அதையும் சோதிச்சாங்க. புகைக்குழாய்ல ஒரு குறையும் இல்லையாம். அப்ப வேன்தானேங்கறாங்க."

"அடிச்சார்னு யார் சொன்னது?"

"அவரேதான். வேன் வெளியில நிக்கிறப்பவே என் கொழுந்தனுக்குப் போன் போட்டுச் சொன்னாராம்."

"சண்டை எதுக்கும்மா?"

அவள் கையிலிருந்த தம்ளரைப் பார்த்தாள். "என்னாலதான். கொஞ்ச நாளா அவர் ஆளே மாறிட்டாரு. எப்பப் பார்த்தாலும் படுக்கை, மறதி, எரிச்சல். என்னோட நாலு வார்த்தை பேசக்கூட அலுப்பு. லீவு நாள்ல மட்டும் கொஞ்சம் மனுஷனா இருப்பாரு. மறுநாள் பழையபடி ஆயிடும். 'இந்தச் சோம்பேறியோட என்னால குப்பை கொட்ட முடியாது, வந்து ரெண்டுல ஒண்ணு கேளு'ன்னு அண்ணனை நான்தான் வரவழைச்சேன்."

தம்ளரை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்," என்றாள். "எங்கண்ணன் பண்ணியிருந்தா இனிமே அந்த ஆள் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். பண்ணலைன்னா அவரை வெளியே கொண்டு வரணும். எதுன்னு தெரியாம என்னால ஒரு வாய் சாப்பிட முடியலை. புருஷனுக்காக அழறதா, அண்ணனுக்காக அழறதா, சொல்லுங்க."

அவள் படியிறங்கிப் போனதும் அவசரம் பொறுக்கமாட்டாமல் எழுந்தான். "மேடம், நூத்துக்கு நூறு வேன்காரர்தான்! சண்டை இருக்கு, காயம் இருக்கு, புகை இருக்கு, செத்தவர் வாக்குமூலமே இருக்கு."

"ஏம்ப்பா, ஒரு தடவையாவது நூத்துக்கு அறுபதுன்னு சொல்லிப் பழகேன்," என்றார் நிதானம், முழங்காலைத் தடவிக்கொண்டே. "செருப்பைப் போடு. போய்ப் பார்க்கலாம்."

காவல் நிலையத்தில் வேன்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பருத்த ஆள். ஒரு வாரத்தில் சட்டை தொளதொளத்துப் போயிருந்தது. அவரைப் பிடித்து வைத்திருந்த இன்ஸ்பெக்டரோ அவரைவிடக் களைத்துப்போய், கோப்புகளுக்கு நடுவே கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். "பேசிட்டுப் போங்கம்மா. புதுசா ஏதாவது சொன்னா எனக்கும் சொல்லுங்க," என்றார்.

"கையை ஓங்கினேன். அடிக்கலை," என்றார் வேன்காரர். "நான் காட்டுக்கத்தல் கத்துறேன், அவன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசலைம்மா. நின்னபடியே கண்ணை மூடுறான். எனக்கு அதுலதான் ஆத்திரம். ஏதோ எடுக்கத் திரும்பினவன் கால் பின்னி இஸ்திரி மேஜையில முட்டிக்கிட்டான். நான் தாங்கிப் பிடிக்கக்கூட இல்லை. குடிச்சிருக்கான்னு நினைச்சேன்."

"வேன் ஏன் ஓடிக்கிட்டே இருந்துச்சு?"

"பேட்டரி சரியில்லை. நிறுத்தினா மறுபடி கிளம்பாது. உள்ளே போய் மன்னிப்புக் கேட்கலாமா வேண்டாமான்னு அரைமணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்." தொளதொளத்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "கேட்கலை. போயிட்டேன்."

சலவைக்கடையை மூடவில்லை. ஓட்டல்காரனுக்கு விரிப்பு வேண்டுமே, அவனுக்கு யார் செத்தால் என்ன? முன்பக்கம் துணிகளுக்கு அடையாளத் துண்டு குத்தும் பெண்மணி இருந்தாள். எல்லோரும் அவளை டோக்கன் அக்கா என்றார்கள். நடுவில் பெரிய சலவை யந்திரங்கள், அப்புறம் பாய்லர், அதன் பக்கத்தில் புத்தம் புதிதாக ஆளுயர உலர்த்தி யந்திரம். மெல்லிய பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அந்தப் பின்னறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல். முகாம் போட்டதுபோல எங்கும் சோப்பு வாடையும் ஈர வாடையும்.

அவசரம் ஒல்லி. அதனால் உலர்த்தியின் பின்னால் புகுந்து பார்க்கிற உத்தியோகம் அவனுக்குத்தான்.

"பாய்லர் புகைக்குழாய் இங்க வழியாத்தான் மேலே போகுது, மேடம். மூட்டு நல்லா டைட்டா இருக்கு. பட்டையை முறுக்கியிருக்காங்க."

"சுவர் எப்படி இருக்கு?"

"கருப்பா இருக்கு. மூட்டுல ஆரம்பிச்சு விசிறி மாதிரி விரிஞ்சு."

"ம். வெளியே வா, மாட்டிக்கப் போற."

டோக்கன் அக்காவுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும். "எனக்கே முடியலைம்மா. கடைக்குள்ள வந்தா தலைவலி, வீட்டுக்குப் போனா விட்டுடும். புது சோப்புத்தூள் சேரலைன்னு நினைச்சேன். இந்த ஒரு வாரமா அதுவும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன். முதலாளிதான் நாள் முழுக்க அந்த பாய்லர் பக்கமே நிப்பாரு, பாவம். பத்து விரிப்பு மடிச்சா உட்கார்ந்திடுவாரு." பிறகு தனியாக ஒதுக்கி வைத்திருந்த அழுக்குத் துணியிலிருந்து எதையோ உருவினாள். "இதைப் பாருங்க, இந்தக் கூத்தை! ஓட்டல்காரனோட வெள்ளைத் துண்டு. எந்தப் புண்ணியவான் கரிக்கையைத் துடைச்சானோ! முதலாளி செத்த அன்னிக்குக் காலையில குவியல்ல கிடந்துச்சு. ராத்திரி நான் மூட்டை கட்டும்போது இல்லை. சலவைக்கடைக்காரன் எவனாவது வெள்ளைத் துண்டுல கரியைத் துடைப்பானா?"

நிதானம் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போது கொழுந்தன் வந்தான். வீடு வீடாக, ஓட்டல் ஓட்டலாக மூட்டை எடுப்பதும் கொடுப்பதும் அவன் வேலை. பகலில் கடைக்குள் நிற்கிற நேரமே குறைவு. கண்ணுக்குக் கீழே கருவளையம். அண்ணி அனுப்பி வந்தவர்கள் என்று தெரிந்தும் முகம் சுளிக்கவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"உங்க அண்ணன் போன்ல சொன்னதை அப்படியே சொல்லுங்க தம்பி," என்றார் நிதானம். "அவர் சொன்ன மாதிரியே."

அவன் தரையைப் பார்த்தான். "'மச்சான் வந்திருக்காரு... அடிச்சுப் போட்ட...' அவ்வளவுதாங்க. அதுக்கு மேல கேட்கலை."

"போட்ட?"

"போட்ட. அதோட நின்னுபோச்சு."

"சரி தம்பி," என்று எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது.

கடைசியாகப் போனது பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரிடம். நிதானத்தோடு ஒரே கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். "ரத்தத்துலயே காரணம் தெரிஞ்சு போச்சு. அப்புறம் கல்லீரலை எதுக்குக் கேட்கறீங்க?" என்றார். ஆனாலும் எடுத்து வைத்திருந்த துணுக்குகளில் சாயம் ஏற்றித் தர மறுக்கவில்லை. அவர் சொன்ன இன்னொரு விஷயம்: செத்தவர் இரவு வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தார். உடலையும் தாமதமில்லாமல் குளிர் அறைக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்.

நிதானம் உருப்பெருக்கியில் வெகுநேரம் கண்ணை வைத்திருந்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வெற்றிக்களை எதுவும் இல்லை. "துடைச்சு வச்சிருக்கு," என்று மட்டும் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் அவசரம் துளைத்துப் பார்த்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

மறுநாள் கடை வேலை முடிந்ததும் எல்லோரும் உலர்த்தி யந்திரத்துக்கு முன்னால் கூடினார்கள். இன்ஸ்பெக்டர், வேன்காரரையும் கூட்டி வந்திருந்தார். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் எதிரெதிர் சுவரோரம் நின்றார்கள். டோக்கன் அக்கா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் கதவருகே.

"முதல்ல உடம்பைப் பத்தி ரெண்டு வார்த்தை," என்று தொடங்கினார் நிதானம். "நாம சாப்பிடறதுல ஒரு பங்கை உடம்பு சேர்த்து வைக்குது. கல்லீரல்லயும் தசையிலயும் இதயத்துலயும். அதுக்குக் கிளைக்கோஜன்னு பேரு. அந்தச் சத்தை மூச்சுக்காத்தோட சேர்த்து எரிச்சாத்தான் முழுத் தெம்பு கிடைக்கும். இந்த விஷக் காத்து என்ன பண்ணுதுன்னா, ரத்தத்துல மூச்சுக்காத்து உட்கார வேண்டிய இடத்துல இது போய் உட்கார்ந்துக்குது. காத்து வரலை. உடம்பு சும்மா இருக்குமா? சேர்த்து வச்சதை எடுத்து அரைகுறையா எரிக்குது. அரைகுறை எரிப்புல கிடைக்கிற தெம்பு கொஞ்சூண்டு. அதனால மேலும் மேலும் அள்ளி எரிக்குது. கடைசியில சேமிப்பெல்லாம் காலி. மிச்சமா ஒரு அமிலம் தசையெல்லாம் தங்கிடும்."

"வேன் புகையாலயும் அப்படி ஆகும்ல மேடம்?" என்றான் அவசரம்.

"ஆகும், நேரம் கிடைச்சா. வேன் நின்னது அரைமணி நேரம். அதுக்குள்ள ஒரு ஆளைக் கொல்லணும்னா புகை அறையை அடைச்சு, ஆளைச் சட்டுனு முடிச்சிருக்கணும். சாப்பிட்டுட்டுச் சட்டுனு செத்தவர் கல்லீரல்ல சேமிப்பு அப்படியே இருக்கும். சாயம் போட்டா சிவப்பாத் தெரியும். இவரோடதுல சிவப்பே இல்லை. இதயத்துலயும் இல்லை. பட்டினி கிடந்தாலோ, காய்ச்சல்ல கிடந்தாலோ, செத்தப்புறம் உடம்பு வெகுநேரம் வெளியில கிடந்தாலோ இப்படி ஆகும். ஆனா இவர் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கார், உடம்பும் சீக்கிரமே குளிர் அறைக்கு வந்துடுச்சு. அப்ப இவர் உடம்பு பல மணி நேரமா, அநேகமா அன்னிக்குப் பகல்ல இருந்தே, காத்துக்குத் தவிச்சிருக்கு. வேன் வர்றதுக்கு முன்னாலயே."

இன்ஸ்பெக்டர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினார். "வெறும் கல்லீரலை வச்சு ஒருத்தரை விட முடியாதும்மா."

"விட வேண்டாம். கல்லீரல் திசையைக் காட்டுச்சு, அவ்வளவுதான். லீவு நாள்ல மட்டும் அவர் மனுஷனா இருந்தார்னு இவங்க சொன்னாங்க. கடைக்கு வந்தா தலைவலின்னு இந்தக்கா சொன்னாங்க. ஆக விஷம் இருந்தது கடைக்குள்ள, கொஞ்ச நாளாவே. கடைக்குள்ள நெருப்பு எரியறது பாய்லர் ஒண்ணுலதான்."

"அதான் நல்லா இருக்கே!"

"இப்ப நல்லா இருக்கு. இந்தக்கா தலைவலி ஒரு வாரமா இல்லை. அவர் செத்த நாள்ல இருந்து இல்லை. குழாய் மூட்டு டைட்டா இருந்தா, அதுக்குப் பின்னால சுவத்துல விசிறி மாதிரி கரி எப்படி வந்துச்சு? மூட்டு திறந்து கிடந்து, புகை உள்ளேயே வந்திருக்கு. அப்புறம் யாரோ அதை மாட்டி முறுக்கியிருக்காங்க. முறுக்கின கையெல்லாம் கரி. பதற்றத்துல கையில கிடைச்சதை எடுத்துத் துடைச்சிருக்காங்க." பையிலிருந்து வெள்ளைத் துண்டை எடுத்து விரித்தார். ஐந்து விரலும் அதில் அச்சாக இருந்தன. "ராத்திரி இல்லாத துண்டு, காலையில இருந்துச்சு. போலீஸ் வர்றதுக்கு முன்னால கடைக்குள்ள வந்தது ஒரே ஒருத்தர்."

யாரும் கதவுப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டியிருக்கவில்லை.

கொழுந்தன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "இந்தப் புது மெஷின் வந்தப்ப, அதை நகர்த்தி வச்சது நான்தாங்க. ஆளைக் கூப்பிடுடான்னு அண்ணன் சொன்னாரு. எதுக்கு, நானே பார்த்துக்கறேன்னு தோளைக் கொடுத்துத் தள்ளினேன். குழாயில இடிச்சது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. அன்னிக்குக் காலையில அண்ணனைத் தூக்கறேன், உடம்பு சில்லுனு கிடக்கு. ஏன்னு சுத்தும் முத்தும் பார்த்தா, பின்னால குழாய் வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. என் கை தானாப் போய் மாட்டிடுச்சுங்க."

"மாட்டினதோட நிக்கலையேடா!" என்று வேன்காரர் பாய்ந்தார். இன்ஸ்பெக்டர் அவர் தோளில் கை வைத்தார். "நான் அடிச்சேன்னு சொன்னியே!"

"அவர் சொல்லலை," என்றார் நிதானம். "அதுதான் எனக்கு இடிச்ச இடம். ஒருத்தர் அடிச்சா நாம என்ன சொல்லுவோம்? 'அடிச்சுட்டாரு', 'அடிச்சுப் போட்டுட்டாரு'. 'அடிச்சுப் போட்ட'ன்னு யாரும் நிறுத்த மாட்டோம். அதுக்குப் பின்னால ஒரு வார்த்தை வந்தே ஆகணும். ஸ்டேஷன்ல 'அடித்துப் போட்டார்'னு நீங்களா முடிச்சு எழுதிக்கிட்டீங்க, இன்ஸ்பெக்டர். இவரால முழுப் பொய் சொல்ல முடியலை. பாதியில நிறுத்தினார், அவ்வளவுதான். அந்த வார்த்தை என்ன தம்பி?"

கொழுந்தன் தலை நிமிராமல் சொன்னான். "மாதிரி."

அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த வாக்கியத்தைத் தங்கள் வாயால் ஆயிரம் தடவை சொன்னவர்கள். துணி துவைத்து முடித்ததும், வண்டி ஓட்டி முடித்ததும், காய்ச்சல் விட்டதும். அவசரமே அன்று காலையில் சொல்லியிருந்தான். அது அவன் காதில் விழுந்ததேயில்லை.

"முழுசாச் சொல்லுங்க," என்றார் நிதானம். குரலில் கடுமை இல்லை. "உங்க அண்ணி கேட்கணும்."

"'மச்சான் வந்திருக்காரு. அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குடா. அவர் திட்டுறாரு, திட்டறதும் நியாயம்தான். நாளைக்கு ஒரு நாள் கடையை நீ பார்த்துக்க. அவளை எங்கயாவது கூட்டிட்டுப் போறேன்.' இதான் சொன்னாரு. எனக்கும்தான் அலுப்பா இருக்கு, பார்க்கலாம்னு வச்சுட்டேன் அண்ணி. ஒரு நாள் கேட்டாரு. ஒரே ஒரு நாள். அதை எப்படி நான் போலீஸ்கிட்ட சொல்லுவேன்? அடிச்சாரான்னு அவங்களே கேட்டாங்க. நான் வாயைத் திறக்கலை."

வேன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தங்கையிடம் வந்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் மட்டும் கொழுந்தனை விட்டு நகரவில்லை.

"சோம்பேறின்னு சொன்னேன்," என்றாள். "அண்ணன்கிட்ட சொன்னேன், அக்கம்பக்கத்துல சொன்னேன், அவர் முகத்துக்கு நேராவே சொன்னேன்."

"அவர் சோம்பேறி இல்லைம்மா," என்றார் நிதானம். "சேர்த்து வச்ச தெம்பெல்லாம் காலியானப்புறமும் நின்னு விரிப்பு மடிச்சிருக்கார். அதைத்தான் நான் நேத்து உருப்பெருக்கியில பார்த்தேன்."

அவள் தலையசைத்தாள். பிறகு கொழுந்தனிடம், ஏதோ கடைக்கணக்கு விசாரிப்பதுபோல மெதுவாகக் கேட்டாள். "எங்கே கூட்டிட்டுப் போறேன்னாரு தம்பி?"

"எங்கேன்னு சொல்லலை அண்ணி. நான் கேட்கலை."

அப்போதுதான் அவள் அழுதாள். ஒரு வாரமாக யாருக்காக அழுவது என்று தெரியாமல் அடக்கி வைத்தது மொத்தமும் வந்தது. டோக்கன் அக்கா மூட்டையிலிருந்து இறங்கி வந்து அவளை அணைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் கொழுந்தனை எழுப்பிக் கூட்டிப்போனார். தடயத்தை மறைத்ததற்கு வழக்கு வரும், அதற்குமேல் என்ன என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்றார். அவருக்கும் அதைச் சொல்ல மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நகல் கடை மாடிப்படியில் நிதானம் ஒவ்வொரு படியாக ஏறினார். பின்னால் வந்த அவசரம், வாழ்க்கையில் முதல்முறையாக அவரை முந்தப் பார்க்கவில்லை. பாதியில் உட்கார்ந்தே விட்டான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லை மேடம். காலையில இருந்தே அடிச்சுப் போட்ட..." என்று தொடங்கியவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

நிதானம் திரும்பி, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் இரண்டு படி இறங்கி வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முழுசாச் சொல்லு," என்றார். "எத்தனை நாளா?"